பாயும் குட்டியும் இழுக்கும் கயிறும்

நாய் வளர்ப்பவர்கள், பக்கத்து வீட்டு நாயோடு வாழப் பழகிக்கொண்டவர்கள் என்று இரண்டு தரப்பினரும் இந்த அவையில் இருப்பீர்கள்.

மூன்று, நான்கு மாதக் குட்டி ஒன்றை மாலையில் வாக்கிங் கூட்டிப்போகிறார்கள். தெருமுனையில் இன்னொரு நாய் தென்பட்டதும் குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்கிறது, உறுமுகிறது, தொண்டை கிழியக் குரைக்கிறது. வீட்டார் உடனே இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். "காவலுக்கு நல்லா வரும், பாரு" என்று தாத்தா பூரித்துப்போகிறார். "இப்பவே இப்படின்னா வளர்ந்த பிறகு யாரைக் கடிச்சு வைக்குமோ" என்று அம்மாவுக்குக் கலக்கம். பெரும்பாலும் இரண்டு பேர் கணிப்பும் தவறு. இந்த வயதில் நாம் பார்க்கும் பாய்ச்சலில் பெரும்பங்கு விளையாட்டு ஆசை, இல்லையென்றால் பயம். ஆனால் அதை நாம் கையாளும் விதத்தால் ஆறு மாதத்துக்குள் அதையே உண்மையான சண்டைக்குணமாக மாற்றிவிட முடியும். அப்படி மாற்றுவதில் நம் கையிலிருக்கும் கயிற்றுக்கும், குட்டியின் வாழ்வில் நாம் தவறவிட்ட சில வாரங்களுக்கும் எவ்வளவு பங்கு என்பதே இன்றைய பேச்சு.

முதலில், பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகள் கட்டிப்புரள்வதைப் பார்க்கிறவர்களுக்குக் கொலைவெறி போலத்தான் தோன்றும். கழுத்தைக் கவ்வுகின்றன, மேலே ஏறுகின்றன, உறுமலும் உண்டு. ஆனால் நடுநடுவே ஒன்று முன்னங்கால்களைத் தரையில் பரப்பி, பின்பக்கத்தை உயர்த்திக் குனிந்து நிற்கும். 'இது விளையாட்டுதான்' என்ற அறிவிப்பு அது. அமெரிக்க விலங்கியலாளர் மார்க் பெக்காஃப் நாய், ஓநாய், கொயோட் குட்டிகளின் விளையாட்டைப் படம்பிடித்து ஆராய்ந்து 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கவ்வித் தலையை உலுக்குவது போன்ற, எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய செயலுக்குச் சற்று முன்போ பின்போதான் இந்தக் குனிதல் அதிகம் வருகிறது என்று கண்டார். கேலி பேசிவிட்டு உடனே 'சும்மா சொன்னேன்' என்று தோளைத் தட்டுகிறோமே, அந்த மாதிரி.

விளையாட்டுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: முறை மாறுவது. இப்போது துரத்தியது அடுத்த நிமிடம் துரத்தப்படும். வலியது தானாகவே கீழே விழுந்து கொடுக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஸ்மட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் குட்டிகள் பெண் குட்டிகளோடு விளையாடும்போது வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது தெரிந்தது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. அடாவடி செய்யும் குட்டியைச் சில நொடிகள் பிடித்து நிறுத்துங்கள். அடிபட்டதுபோல் தெரிந்த குட்டி தானே திரும்பி வந்து மோதினால் அது ஆட்டம். விலகி ஓடி நாற்காலிக்கடியில் புகுந்துகொண்டால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பயந்த குட்டி வேறுவிதமாக இருக்கும். உடல் எடை பின்னங்காலில் சாயும், காது பின்னோக்கி மடியும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணோரத்தால் பார்க்கும். இத்தனைக்கும் எதிரில் இருப்பது விலகவில்லையென்றால்தான் குரைப்பும் பாய்ச்சலும். குரைத்ததும் எதிர் நாய் போய்விடுகிறது. அது தன் வழியில் போயிருக்கும், அல்லது நீங்கள் குட்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்திருப்பீர்கள். குட்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 'நான் குரைத்தேன், அது போயிற்று' என்பதே அது படிக்கும் பாடம். நாலு நாள் இது நடந்தால் ஐந்தாம் நாள் இன்னும் தூரத்திலிருந்தே குரைக்கும். தாத்தா வீரம் என்று பூரித்தது இதைத்தான்.

'வாலை ஆட்டுதே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. வாலாட்டல் எல்லாமே நட்பல்ல. இத்தாலியில் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் முப்பது நாய்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடியது. அறிமுகமில்லாத, மிடுக்கான ஒரு நாயைக் கண்டபோது இடப்பக்கம். வீட்டில் உட்கார்ந்து கோணம் அளக்கச் சொல்லவில்லை. விறைத்து நிமிர்ந்த வால் வேகமாகத் துடித்தால் அதை நட்பு என்று நம்பிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்தச் சில வாரங்களுக்கு வருவோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் அங்கே பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான குட்டிகளைப் பிறந்த நாளிலிருந்து கவனித்து 1965இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர் என்று ஐந்து இனங்கள். குட்டி உலகத்தோடு உறவு பழகுவதற்கான வாசல் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் திறந்து, பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டி மூடத் தொடங்குகிறது என்பது அவர்கள் நிலைநாட்டிய செய்தி. அதே ஆய்வகத்தில் குட்டிகளை உயர்ந்த வேலியிட்ட வயலில் மனித வாடையே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 1961இல் வெளிவந்தது. இடையில் எடுத்துப் பழக்கிய குட்டிகள் தேறின. பதினான்கு வாரம்வரை அங்கேயே விடப்பட்டவை காட்டு விலங்குபோல் ஆகியிருந்தன. பிறகு பழக்கியும் பெரிய பலன் இல்லை.

அது மனிதர்களோடு பழகுவது பற்றிய சோதனை. நாயோடு நாய் பழகுவதற்கும் இப்படி ஒரு காலம் உண்டா? மைக்கேல் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர் 1960களில் சிவாவா குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, ஒவ்வொன்றையும் பூனைக்குட்டிகளுக்கு நடுவே வளர்த்தார். நான்கு மாத வயதில் அவை நாய்களைச் சட்டை செய்யாமல் பூனைகளிடமே போயின. கண்ணாடியில் தம் உருவத்தைக் கண்டும் மற்றக் குட்டிகளைப்போல் குரைத்து ஆர்ப்பரிக்கவில்லை. ஆறுதலான செய்தி, பிறகு நாய்களோடு இரண்டு வாரம் விட்டதும் அவை மாறத் தொடங்கின. நாய்க்குப் பிறந்தால் மட்டும் போதாது, நாய்த்தனத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது.

பிறவிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொல்ல வரவில்லை. பார் ஹார்பரில் பீகிளும் காக்கரும் பெரும்பாலும் சமாதானமாக வளர்ந்தபோது, ஃபாக்ஸ் டெரியர் குட்டிகள் ஏழு வார வயதை ஒட்டியே கூட்டுச் சேர்ந்து உடன்பிறந்த ஒன்றைத் தாக்கின. அடிபட்டதைப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த கோம்பையும் ராஜபாளையமும் சோபாவில் படுத்துக் கிடக்கும் லேப்ரடாரைப்போலவே எல்லா நாயோடும் இழையும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அத்தகைய இனத்தை வாங்குகிறவருக்குத்தான் இந்த வாரங்கள் இன்னும் முக்கியம்.

நம் ஊரில் அந்த வாரங்கள் எப்படிக் கழிகின்றன? குட்டி கண் திறந்து, நாலு எட்டு நடக்கத் தொடங்கியதும் அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். 30, 35 நாள் குட்டி. 'சின்னதுலயே வாங்கினாத்தான் நம்மகிட்ட ஒட்டும்' என்பது வாங்குபவர் நம்பிக்கை. பால், தடுப்பூசிச் செலவு மிச்சம் என்பது விற்பவர் கணக்கு. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. விதி காகிதத்தில் இருக்கிறது, குட்டி பெட்டியில் இருக்கிறது.

இந்த மூன்று நான்கு வார வித்தியாசம் அவ்வளவு பெரிதா? இத்தாலியில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கேட்டது. 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்ட 70 நாய்களையும், இரண்டு மாதம் தாயோடு இருந்த 70 நாய்களையும் வளர்ந்த பிறகு ஒப்பிட்டார்கள். ஓயாத குரைப்பு, வெளியே போகும்போது பயம், உணவையும் பொம்மையையும் பிறர் நெருங்கவிடாமல் காப்பது, விளையாட்டில் கடிப்பது எல்லாமே சீக்கிரம் பிரிந்தவற்றில் அதிகம். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை உடன்பிறந்தவற்றின் காதைக் கடித்து, அவை வீலென்று கத்தி ஆட்டத்தை நிறுத்தும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பது குட்டிக்குப் புரிகிறது. பால்குடி மறக்கவைக்கும் தாய் உறுமும்போதுதான் உறுமலுக்கு விலக வேண்டும் என்பது புரிகிறது. வேறொரு நாயின் உறுமலைக் கேட்டும் மேலே விழுந்து பிடுங்கும் குட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது முரடு இல்லை, அந்தப் பாடம் நடந்தபோது வகுப்பில் இல்லாத மாணவன்.

தெருவில் பிறக்கும் குட்டிக்கு இந்தப் படிப்பு இலவசம். அதற்கு அது கொடுக்கும் விலை வேறு. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 95 ஈத்துகளில் பிறந்த 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. வாகனம், நோய், மனிதர் என்று சாவுக்குப் பல வழிகள். ஆனால் பிழைத்த குட்டிக்கு நாய் மொழி நன்றாகவே தெரியும். எந்தத் தெரு யாருடையது, எங்கே வாலைத் தாழ்த்த வேண்டும், எப்போது மல்லாந்து படுக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. இருபதாயிரம் ரூபாய் குட்டிக்குத்தான் அது தெரிவதில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். 'தடுப்பூசி முடியாமல் வெளியே விடாதே என்று டாக்டர் சொல்கிறாரே?' சொல்லத்தான் வேண்டும். பார்வோ வைரஸ் 1978இல் உலகின் கவனத்துக்கு வந்து ஒன்றிரண்டு ஆண்டுகளில் கண்டம் கண்டமாகப் பரவியது. வாந்தியும் ரத்தப்பேதியும் போய்க் குட்டி சில நாளில் செத்தும்விடலாம். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் வைரஸ் அது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியின் வேலையை மறித்துவிடலாம் என்பதால்தான் பதினாறு வாரம் ஆகும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆனால் பழகும் வாசல் பன்னிரண்டாம் வாரத்திலேயே மூடத் தொடங்குகிறது. குட்டியைப் பூட்டி வைத்து உடம்பைக் காப்பாற்றி, பதினாறாம் வாரத்தில் கழுத்தில் பெல்ட் மாட்டித் தெருவில் இறக்கினால், அது வாழ்க்கையில் முதல்முறையாக அந்நிய நாயைப் பார்க்கிறது. பாயாமல் என்ன செய்யும்?

அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2008இல் இந்தச் சிக்கலுக்கு ஒரு நிலைப்பாடு எடுத்தது. ஏழெட்டு வாரத்தில், முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கழிந்திருந்தால், குடற்புழு நீக்கமும் ஆகியிருந்தால், குட்டிகளைப் பழக்கும் வகுப்புக்கு அழைத்துவரலாம் என்றது. இது ஆபத்தில்லையா என்று பிறகு ஆய்வாளர்கள் 1012 குட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். அப்படி வகுப்புக்குப் போன 279 குட்டிகளில் ஒன்றுக்குக்கூட பார்வோ வரவில்லை. இது 2013இல் வெளியான அமெரிக்கக் கணக்கு. தெருநாய்கள் சுற்றாத, தரையைக் கழுவிவிடும் வகுப்பறைகள் அவை. அதை அப்படியே நம் தெருமுனைக் குப்பைத்தொட்டிப் பக்கம் பொருத்தக் கூடாது.

நமக்கு நம் வழி இருக்கிறது. உறவினர் வீட்டில் தடுப்பூசி போட்ட, பெரிய மனசுள்ள வயதான நாய் இருந்தால் அந்த வீட்டு மொட்டை மாடிதான் முதல் வகுப்பு. தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி மடியில் வைத்தபடி தெருநாய்களை வேடிக்கை பார்க்கவிடலாம். கால் தரையில் படத் தேவையில்லை, கண்ணும் மூக்கும் பழகினால் போதும். ஒவ்வொரு நாய் தென்படும்போதும் வாயில் ஒரு துண்டு கோழி ஈரல். உங்கள் ஊர் நிலவரம் தெரிந்த மருத்துவரிடம் கேட்டு இதையெல்லாம் செய்யுங்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசியையும் மறக்காதீர்கள்.

அடுத்தது கயிறு. செக் நாட்டின் பர்னோ நகரில், வாக்கிங் வந்த நாய்கள் சந்தித்துக்கொண்டதை ஆய்வாளர்கள் கவனித்துப் பதிவு செய்தார்கள்; 2011இல் வெளியானது. கயிற்றில் இருந்தபோது மிரட்டல் இரண்டு மடங்கு. சண்டைக்கார நாயைத்தான் கட்டிக் கூட்டிவருவார்கள் என்று யாராவது வாதிடலாம். அதிலும் உண்மை இருக்கும். இருந்தாலும் கயிறு செய்யும் கெடுதல் கண்ணுக்குத் தெரிகிறது. சுதந்திரமாக நடக்கும் இரண்டு நாய்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்வதில்லை. அரைவட்டமாக வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, பின்பக்கம் முகர்ந்து பிரியும். கயிற்றில் இருப்பவை நடைபாதையில் நேர்கோட்டில், கண்ணோடு கண் பார்த்தபடி வந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து நாம் கயிற்றைச் சுருட்டி இறுக்குகிறோம். பெல்ட் தொண்டையை அழுத்துகிறது, நெஞ்சு தூக்கிக்கொள்கிறது. எதிர் நாயின் கண்ணுக்கு அதுவே சண்டைக்கு நிற்கும் தோரணை. ஓட வழியில்லாத குட்டி பாய்கிறது. நாய் வந்தாலே கழுத்து வலிக்கிறது என்பதும் மனதில் பதிகிறது.

மாற்றுவது கடினமில்லை, ஆனால் சலிப்பூட்டும் வேலை. கழுத்துப்பட்டையை விட்டு மார்பில் மாட்டும் ஹார்னஸுக்கு மாறுங்கள். இரண்டு மீட்டர் கயிறு, தளர்வாக. பிறகு தூரத்தைக் கண்டுபிடியுங்கள். எதிர் நாயைப் பார்த்தும் குட்டி தின்பண்டத்தை வாங்கித் தின்னக்கூடிய தூரம் எவ்வளவு? தெருவின் மறுகோடியாக இருக்கலாம், காலி மனையின் அந்தப்பக்கமாக இருக்கலாம். அங்கிருந்து தொடங்க வேண்டும். நாய் கண்ணில் பட்டது, ஈரல் வந்தது. நாய் மறைந்தது, ஈரலும் நின்றது. வரிசை முக்கியம். ஈரலை முதலில் காட்டினால், அடுத்து நாய் வரப்போகிறது என்ற எச்சரிக்கையாக ஈரலே மாறிவிடும். சில வாரத்தில் குட்டி நாயைப் பார்த்துவிட்டு, 'எங்கே என் பங்கு' என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அன்றுதான் பத்தடி நெருங்கலாம். தின்ன மறுத்தாலோ உடல் விறைத்தாலோ நெருங்கியது அதிகம். பின்வாங்குங்கள், திட்ட வேண்டாம்.

நண்பரின் நாயோடு பழக்கும்போதும் முகத்துக்கு முகம் காட்டாமல் தெருவின் இருபுறமும் ஒரே திசையில் இணையாக நடத்திச் செல்லுங்கள். இடைவெளி தானாகக் குறையட்டும். தெருநாய்க் கூட்டம் சொந்தமாக்கிக்கொண்ட முனையைச் சுற்றி வேறு வழியில் போவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கூட்டம் ஓடிவந்துவிட்டால் நீங்கள் நடுவில் நின்று, ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் பக்கம் தூர வீசிவிட்டு, ஓடாமல் நகர்ந்துவிடுங்கள். அந்த நேரத்தில் குட்டியைத் தூக்கிக்கொள்வதும் தவறில்லை.

இனி அடி. 'ரெண்டு போட்டாத்தான் அடங்கும்', 'மல்லாக்கத் தள்ளி அமுக்கு, யார் தலைவன்னு தெரியட்டும்' என்ற அறிவுரைகளை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இந்தத் 'தலைவன்' கதைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியது அது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. பிறகு மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் கவனித்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். பதவிச் சண்டை போடும் அந்நியர் கும்பல் இல்லை. 1999இல் அதைத் தெளிவாகவே எழுதினார். ஆனால் அதற்குள் அமெரிக்காவின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகளின் 1978 நூல் குட்டியை மல்லாக்கப் புரட்டி அமுக்கும் முறையை வீடு வீடாகக் கொண்டுசேர்த்திருந்தது. அந்தத் துறவிகளே பிற்பாடு அதைக் கைவிட்டார்கள். நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் சிலருக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரனும் சக மருத்துவர்களும், நடத்தைச் சிக்கலோடு வந்த நாய்களை வளர்ப்பவர்கள் 140 பேரைக் கேட்டு 2009இல் வெளியிட்ட கணக்கு இது: அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரின் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது. மல்லாக்க அமுக்கியவர்களில் 31 சதவீதம். அடியால் உறுமல் நிற்கலாம். அதுதான் பெரிய ஆபத்து. பயம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் போய்விடுகிறது. பிறகு 'ஒண்ணுமே பண்ணாம திடீர்னு கடிச்சிடுச்சு' என்கிறோம்.

மெய்யான ஆக்ரோஷம் குட்டிகளில் இல்லவே இல்லையா? உண்டு, அரிதாக. விளையாட்டின் துள்ளல் இல்லாமல் விறைத்து நின்று, சத்தமின்றிப் பாய்ந்து, பல் இறங்கும்படி கடித்து, விடாமல் பற்றும் நான்கு மாதக் குட்டியை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, இடுப்பு மூட்டுக் கோளாறு, அடிபட்ட கால் என்று வலி காரணமாக இருக்கலாம். அது இல்லையென்றால் நடத்தை தெரிந்த ஒருவரின் உதவி தேவை. ஆண்மை நீக்கம் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பயத்தால் வரும் சீற்றத்துக்கு அது மருந்தில்லை. எல்லாம் சரியாக வளர்ந்த குட்டிகூட ஆறேழு மாதத்தில், பருவம் எட்டும்போது, சில காலம் முறைத்துக்கொண்டு திரியும். அப்போது மறுபடி தூரத்தைக் கூட்டி, பழைய ஈரல் கணக்கை எடுக்க வேண்டியதுதான். பழகிய பின்னும் எல்லா நாயோடும் கொஞ்சிக் குலாவ வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். குரைக்காமல் கடந்துபோனால் போதும்.

கடைசியாக, பலர் கேட்கும் ஒன்று. வீட்டில் ஏற்கெனவே பெரிய நாய் இருக்கிறது, புதுக்குட்டியைப் பார்த்து அது உறுமுகிறது, வெறும் காற்றைக் கடித்து விரட்டுகிறது, தடுக்கவா? குட்டி ஒரு நொடி கத்திவிட்டு, உடம்பில் காயமின்றி, அடுத்த முறை மரியாதையாகத் தள்ளி நின்றால் தடுக்காதீர்கள். தாயிடம் விட்டுப்போன பாடத்தைப் பெரிய நாய் நடத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் சாப்பாட்டுத் தட்டை வேறு வேறு அறையில் வையுங்கள். பெரிய நாய் குட்டியிடமிருந்து தப்பி ஏறி உட்கார ஒரு கட்டிலோ திண்ணையோ ஒதுக்கிக் கொடுங்கள். முதல் சில வாரங்கள் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒரே அறையில் விட வேண்டாம்.